உத்தரவு வார்த்தை

பூட்டுக்காரருக்குச் சந்தேகம் வந்துவிட்டால் சாப்பாடு இறங்காது. அன்றைக்கு அவருக்கும் இறங்கவில்லை, மிளகுக்கும் இறங்கவில்லை. மிளகுக்கு ஏன் இறங்கவில்லை என்பதுதான் அவருடைய சந்தேகமே.

மிளகு அவருடைய நாய். பெயருக்கேற்ற கறுப்பு, வயதாகிவிட்டதால் மூக்கைச் சுற்றி மட்டும் நரைத்திருந்தது. மகள் பள்ளிக்கூடம் போய்க்கொண்டிருந்த காலத்தில் உள்ளங்கையில் அடங்குகிற குட்டியாக வந்தது. அந்த மகள் கல்யாணமாகி வேறு ஊருக்குப் போய்விட்டாள். மிளகு எங்கேயும் போகவில்லை. முன்பெல்லாம் தினமும் அவரோடு கடைக்கு வந்து, அரத்தால் சாவி ராவுகிற சத்தத்தில் நிம்மதியாகத் தூங்கி, அவரோடு வீடு திரும்பும். பின்னங்கால்கள் பிடித்துக்கொண்ட பிறகு வீட்டோடு சரி. அவர் கடையில் தனியாக உட்கார்ந்து, பெஞ்சுக்கு அடியில் அவ்வப்போது காலை நீட்டிப் பார்த்துவிட்டு, அங்கே ஒன்றும் இல்லை என்று மறுபடி மடக்கிக்கொள்வார்.

சாயங்காலச் சாப்பாடு மட்டும் அவர் கையால்தான். அந்தத் தட்டைத்தான் ஒரு வாரமாக மிளகு முகர்ந்து பார்த்துவிட்டு, விருந்துக்குப் போய் வந்த பெரிய மனிதரைப் போல முகத்தைத் திருப்பிக்கொண்டது. உடம்புக்கு ஏதாவதா என்று வயிற்றைத் தடவினார். வயிறு கும்மென்று இருந்தது.

"வெளிய எங்கயாவது சாப்பிட்டிருக்கும். விடுங்க" என்றாள் மனைவி.

"வெளிய எப்படிச் சாப்பிடும்?" என்றார் அவர்.

கேட்கிறவர்களுக்கு இது பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். நாய் வெளியே சாப்பிடாமல் ஓட்டலில் உட்கார்ந்தா சாப்பிடும்? ஆனால் மிளகு விஷயம் வேறு.

மிளகுக்கு முன்னால் செவலை என்று ஒரு நாய் இருந்தது. யார் எதைக் கொடுத்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு வாங்கித் தின்னும். ஒருநாள் மதிலுக்கு மேலிருந்து யாரோ கறித்துண்டை எறிந்தார்கள். விஷம் வைத்த கறி. செவலை வாயில் நுரையோடு கேட்டருகே கிடந்தது. உள்ளே பீரோ திறந்து கிடந்தது. பூட்டுக்காரர் வீட்டிலேயே பூட்டை உடைத்துவிட்டார்கள் என்று தெரு சிரித்தது. அந்தச் சிரிப்பை அவர் எப்படியோ விழுங்கிவிட்டார். செவலையைத் தூக்கிக்கொண்டு போனபோது அது தொங்கிய விதம்தான் அவர் கையை விட்டு இறங்கவேயில்லை. பெற்றவர்கள் போனபோதுகூட அவர் அப்படி அழவில்லை. இது மனைவிக்குத் தெரியும், வேறு யாருக்கும் தெரியாது.

மிளகு வந்ததும் அவர் தீர்மானித்துவிட்டார். வீட்டுக்குப் பூட்டு போட்டால் போதாது, நாயின் வாய்க்கும் ஒரு பூட்டு போட வேண்டும். ஒரு வார்த்தை. அந்த வார்த்தையைச் சொன்னால்தான் சாப்பாட்டைத் தொட வேண்டும். சொல்லாவிட்டால் முன்னால் கறியே இருந்தாலும் தொடக் கூடாது. என்ன வார்த்தை? 'சாப்பிடு' என்று எந்தத் திருடனும் சொல்வான். 'இந்தா' என்று எல்லோரும் சொல்வார்கள். பூட்டுக்காரர் மண்டையைப் போட்டு உடைத்துக்கொண்டிருந்தபோது மனைவிதான் பாத்திரம் கழுவிக்கொண்டே சொன்னாள்.

"நாளைக்குன்னு வைங்க. கையில சாப்பாட்ட வெச்சுக்கிட்டு எந்தத் திருடனாவது நாளைக்குன்னு சொல்லுவானா?"

பூட்டுக்காரர் அசந்துபோனார். இத்தனை காலம் பூட்டோடு மல்லுக்கட்டிய தனக்குத் தோன்றாதது இவளுக்குத் தோன்றிவிட்டதே என்று கொஞ்சம் பொறாமைகூடப் பட்டார். குட்டி கற்றுக்கொண்டுவிட்டது. தட்டை வைத்துவிட்டுப் பேசாமல் இருந்தால், எச்சில் ஒழுக ஒழுகச் சிலை மாதிரி உட்கார்ந்திருக்கும். 'நாளைக்கு' என்றதும்தான் தலை குனியும்.

தொல்லை என்னவென்றால், அதற்கப்புறம் அந்த வீட்டில் வேறு எதற்கும் நாளைக்கு என்ற சொல்லையே உபயோகிக்க முடியாமல் போயிற்று. 'விடிஞ்சா' என்று சொல்லிப் பழகிக்கொண்டார்கள். "விடிஞ்சா பரீட்சை", "விடிஞ்சா வாங்க, பேசிக்கலாம்". வீட்டுக்கு வந்த விருந்தாளிகள் இவர்களுக்கு என்ன வந்துவிட்டது என்று ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடையில் மட்டும் அந்தத் தொந்தரவு இல்லை. வீட்டுக்கு வெளியே சாவியைத் தொலைத்துவிட்டு நிற்கிறவன் பூட்டுக்காரரிடம் நாளைக்கு வருகிறேன் என்றா சொல்லுவான்?

ஆக, மிளகு வெளியே சாப்பிட்டிருக்கிறது என்றால், வெளியே யாருக்கோ வார்த்தை தெரிந்திருக்கிறது. வார்த்தை தெரிந்தவர்கள் உலகத்திலேயே மூன்று பேர். ஒருவர் பூட்டுக்காரர்.

மகளுக்குப் போன் போட்டார். சுற்றி வளைத்துத்தான் கேட்டார். அப்பாவின் சுற்று வளைவெல்லாம் அவளுக்கு அத்துப்படி.

"நான் ஏம்ப்பா சொல்லப்போறேன்? எனக்கு அந்த வார்த்தையே வாயில வராது. ஆபீஸ்ல கூட விடிஞ்சா தர்றேன்னு சொல்லி மானம் போகுது. ஏன், மிளகுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல. சும்மாதான்."

போனை வைத்தார். மிச்சம் இருப்பது ஒருத்திதான்.

அதுவரை அவர் மனைவியைச் சந்தேகப்பட்டதில்லை என்று சொன்னால் அது பொய். அவர் எல்லோரையும் சந்தேகப்படுவார். மனைவியையும் ஓரளவு, மரியாதையோடு. ஒருமுறை மச்சினி, அதாவது மனைவியின் தங்கை, வந்து தங்கிவிட்டுப் போன மறுநாளே பீரோ பூட்டை மாற்றினார். தொழில் புத்தி, வேறொன்றுமில்லை. ஆனால் அந்தத் தங்கை அதன்பிறகு அவர் இருக்கும்போது வீட்டுப் பக்கம் தலைவைத்துப் படுக்கவில்லை.

இப்போது அவர் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்க ஆரம்பித்தார். பார்க்க ஆரம்பித்தால் எல்லாமே தெரியும் அல்லவா? மிளகின் மீசையில் ரொட்டித்தூள் தெரிந்தது. முதுகில் ஒரு நீல நூல் தெரிந்தது. அதே நீல நூல் மனைவியின் தோளிலும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"இது என்ன நூலு?"

"பையோட ஜிப்பு போயிடுச்சு. தெருமுனை டெய்லர்கிட்ட மாத்தக் குடுத்தேன்."

தெருமுனை டெய்லர். சில மாதங்களுக்கு முன்புதான் வந்து கடை போட்டவர். எங்கிருந்து வந்தார், ஏன் வந்தார், யாருக்கும் தெரியாது. வந்த அன்றைக்கே தெருவில் எல்லோரையும் அண்ணன், அக்கா என்று கூப்பிட ஆரம்பித்துவிட்டார். இவ்வளவு சீக்கிரம் உறவு கொண்டாடுகிறவனிடம் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பது பூட்டுக்காரரின் கொள்கை.

அவர் வீட்டுக்குள் வந்தபோது மனைவி போனில், "சரி சரி, அவரு வந்துட்டாரு, வெச்சிடறேன்" என்று வைத்தாள். யார் என்று அவர் கேட்கவில்லை. கேட்டால் உஷாராகிவிடுவாள். அவள் கடைத்தெருவுக்குப் போனபோது அவரும் கடையைப் பாதி சாத்திவிட்டுப் பின்னாலேயே போனார். அவள் சோப்பு வாங்கினாள். இன்னொரு நாள் மறுபடி போனார். அவள் பல்பு வாங்கினாள். சோப்பும் பல்பும் வாங்குகிற முகத்தில் என்னத்தைக் கண்டுபிடிப்பது? ஆனாலும் அவருக்குத் திருப்தி ஏற்படவில்லை. இன்றைக்கு ரொட்டி கொடுக்கிறவன் இன்னொரு நாள் ரொட்டிக்குள் எதையாவது வைத்துக் கொடுத்தால்? செவலையின் வாயில் இருந்த நுரை ஞாபகத்துக்கு வந்தது. மிளகு ஒன்றும் அறியாமல் அவர் காலடியில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தது.

கடைசியில் அவருக்குத் தெரிந்த ஒரே வழியில் இறங்கினார். கடையிலிருந்து தானே செய்த பூட்டு ஒன்றை எடுத்து வந்தார். அதற்குச் சாவி ஒன்றே ஒன்று. மதியம் சாப்பிட்டுவிட்டுக் கிளம்பும்போது, மிளகு உள்ளே படுத்திருப்பதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டு, இரும்புக் கேட்டை இழுத்துச் சாத்தி வெளியிலிருந்து பூட்டினார். சாவி சட்டைப் பைக்குள் போயிற்று. மனைவி உள்ளே இருப்பது அவருக்குத் தெரியாமல் இல்லை. மதியத்தில் அவள் படுத்துத் தூங்குகிறவள். எழுந்திருப்பதற்குள் வந்து திறந்துவிட்டால் ஆயிற்று என்று நினைத்தார். உண்மையில் அவர் இன்னொன்றும் நினைத்தார். சாவி என் பையில். அப்படியும் நாய் வெளியே வந்தால், இவள் கள்ளச்சாவி செய்து வைத்திருக்கிறாள் என்று அர்த்தம். வேறு எந்தப் புருஷன் மனத்திலும் இப்படி ஒரு கணக்கு ஓடாது. பூட்டுக்காரர் மனத்தில் ஓடியது.

டெய்லர் கடைக்கு எதிரில் ஒரு டீக்கடை. அதில் தூணுக்குப் பின்னால் உட்கார்ந்தார். டீ ஆறிப்போனது. வெயில் படி ஏறி வந்தது. நாய் வராது, இவனும் யாருக்கோ காத்திருந்து ஏமாறுவான், அந்த முகத்தைப் பார்க்கலாம் என்று டெய்லரையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மிளகு வந்தது.

பின்னங்காலை இழுத்து இழுத்து, அவசரமே இல்லாமல், வேலைக்குப் போகிறவர் மாதிரி வந்தது. டெய்லர் கடைப் படியில் ஏறி, மிஷினுக்குப் பக்கத்தில் போட்டிருந்த பழைய துணிக்குவியல் மேல் உட்கார்ந்தது. அது அதனுடைய இடம் என்று பார்த்ததுமே தெரிந்தது.

பூட்டுக்காரருக்குக் காதுகள் சூடாகிவிட்டன. கள்ளச்சாவி! தன் பூட்டுக்கே! இவ்வளவு காலம் ஒரே கூரையின் கீழே இருந்துவிட்டு! தெருவைக் கடந்து கடை வாசலில் தொங்கிய சட்டைகளுக்குப் பின்னால் போய் நின்றுகொண்டார்.

டெய்லர் வாயில் குண்டூசிகளைக் கவ்விக்கொண்டு, ஒரு பன்னைப் பிய்த்து மிளகின் முன்னால் வைத்தார். மிளகு தொடவில்லை. பன்னைப் பார்த்தது, டெய்லரைப் பார்த்தது, நிமிர்ந்து உட்கார்ந்தது. எச்சில் ஒழுகியது. பூட்டுக்காரருக்கு அந்த ஆத்திரத்திலும் பெருமை தாங்கவில்லை. என் பிள்ளை!

அப்போது ஒரு பெண்மணி வந்தாள்.

"என்னங்க, பையனோட சட்டை ஆச்சா?"

டெய்லர் ஊசிகளை எடுத்துவிட்டுச் சிரித்தார். "பட்டன் காஜா மட்டும்தாங்க்கா பாக்கி. நாளைக்கு."

மிளகு தலை குனிந்து பன்னைத் தின்றது.

பூட்டுக்காரர் சட்டைகளை விலக்கிக்கொண்டு உள்ளே பாய்ந்தார். "யார் சொன்னது உங்களுக்கு?"

"எதைண்ணே?"

"அந்த வார்த்தைய! யார் சொல்லிக் குடுத்தது?"

டெய்லர் விழித்தார். அந்தப் பெண்மணி மெதுவாக நழுவினாள். "எந்த வார்த்தைண்ணே? உக்காருங்க. இது உங்க நாய்தானே? அக்கா சொன்னாங்க. தங்கமான நாய். ஆனா ஒரு விஷயம் எனக்குப் புரியலண்ணே. இவ்வளவு கூச்ச சுபாவமா நாய்க்கு? நான் எத்தனை தடவை வெச்சாலும் தொடாது. கஸ்டமர் யாராவது வந்தாத்தான் சாப்பிடும். கூட்டம் இருந்தாத்தான் இறங்கும்போல. நானும் பாவம்னு, யாராவது வர்றப்ப ஒரு துண்டு எடுத்து வெச்சிடுவேன்."

சொல்லிக்கொண்டே இன்னொரு துண்டை வைத்தார். மிளகு தொடவில்லை. வாசலில் ஒரு இளைஞன் எட்டிப் பார்த்து, "அண்ணே, பேன்ட்டு?" என்றான்.

"நாளைக்குப்பா."

மிளகு தின்றது.

"எப்போ நாளைக்கு? போன வாரமும் நாளைக்குன்னுதானே சொன்னீங்க?"

"சத்தியமா நாளைக்கு."

மிளகு இன்னும் ஏதாவது இருக்கிறதா என்று தரையை நக்கியது.

பூட்டுக்காரர் துணிக்குவியல் மேலேயே உட்கார்ந்துவிட்டார். சிரிப்பு வயிற்றிலிருந்து கிளம்பி, அடக்க முடியாமல், கண்ணில் தண்ணீர் வந்தது. எத்தனையோ தொழில் இருக்கும் உலகத்தில் ஒரு தையல்காரரை மட்டும் அவர் மறந்துவிட்டார். விஷயத்தைச் சொன்னதும் டெய்லரும் தொடையைத் தட்டிச் சிரித்தார்.

"இனிமே அத இது முன்னாடி சொல்லாதீங்க" என்றார் பூட்டுக்காரர்.

"நல்லாச் சொன்னீங்க போங்க! கத்திரிக்கோல் இல்லாமக்கூடக் கடைய நடத்திடுவேண்ணே. அந்த வார்த்தை இல்லாம ஒரு நாள் தாங்காது. வேணும்னா பன்ன நிறுத்திடறேன்."

மிளகு அந்தத் துணிக்குவியலில் முகத்தைப் புதைத்துக்கொண்டது. கேட்காமலே உத்தரவு மழையாகப் பொழிகிற இடத்தை அது கண்டுபிடித்திருந்தது. இத்தனை வருஷமும் ஒவ்வொரு வாய்க்கும் தன் முகத்தைப் பார்த்துக் காத்திருந்த நாயல்லவா என்று நினைத்துக்கொண்டார். "இல்ல, குடுங்க. உங்க கையால குடுங்க" என்று சொல்லிவிட்டு எழுந்தார். ஒரு மனிதரை நம்பிவிட்டோம் என்பது அவருக்கே கொஞ்சம் அதிர்ச்சியாகத்தான் இருந்தது.

மிளகைக் கூட்டிக்கொண்டு சிரித்தபடியே நடந்தார். மனைவியிடம் இதை எப்படிச் சொல்வது, எந்த இடத்தில் நிறுத்தினால் அவள் அதிகம் சிரிப்பாள் என்றுகூட யோசித்தார். வீட்டு மூலைக்கு வந்தபோது மிளகு அவரை விட்டுவிட்டு மதிலோரம் ஒதுங்கியது. தண்ணீர்க் குழாய் உள்ளே போகிற இடத்தில், செடிக்குப் பின்னால், மண் சரிந்து ஒரு சந்து இருந்தது. மிளகு வயிற்றை எக்கிக்கொண்டு அதில் நுழைந்து உள்ளே போய்விட்டது. சுவர் விளிம்பில் கறுப்பு முடி அப்பிக்கிடந்தது. ஒருநாள் முடியல்ல, பல நாள் முடி.

கள்ளச்சாவி இல்லை. அவள் திறக்கவுமில்லை. பூட்டுக்காரரின் சிரிப்பு அங்கேயே நின்றது. நாய் அதன் வழியில் போய் வந்திருக்கிறது. அப்படியானால் அவருடைய பூட்டு யாரைப் பூட்டியது?

கேட்டுக்கு வந்தார். மனைவி உள்ளே கேட்டை ஒட்டியிருந்த படியில் உட்கார்ந்திருந்தாள். வெளியே போகிற புடவை கட்டியிருந்தாள். பக்கத்தில் படிமேல் ஆரஞ்சுப் பழங்கள் வரிசையாக இருந்தன. கேட்டுக்கு வெளியே கம்பியில் காலிப் பை ஒன்று தொங்கியது. அவர் சாவியை எடுத்தார். சொந்தப் பூட்டு, முதல் தடவை திரும்பவில்லை.

"தூங்கலையா?" என்றார். வாயில் வந்தது அதுதான்.

"தங்கச்சி வந்திருந்தா. பஸ் மாற நடுவுல கொஞ்சம் நேரம் கெடச்சுது, எட்டிப் பார்த்துட்டுப் போறேன்னு ரெண்டு மூணு நாள் முன்னாடியே போன்ல சொன்னா. நீங்க இருந்தா சங்கடப்படுவா, அதான் உங்ககிட்ட சொல்லல."

"உள்ள..." என்று ஆரம்பித்து நிறுத்தினார். உள்ளே எப்படி வந்திருப்பாள்?

"பை கம்பிக்குள்ள நுழையல. ஒவ்வொரு பழமா எடுத்து உள்ள நீட்டினா. தெருவுல போறவங்க எல்லாம் பார்த்துக்கிட்டே போனாங்க."

அவருக்கு வெட்கமாக இருந்தது. நிற்கத் தெரியாமல் நின்றார்.

"நாயிக்குத்தான் பூட்டினேன். அது வெளிய போயிடுதுன்னு..."

"வார்த்தைய நான்தான் சொல்லிட்டேன்னு நெனச்சீங்க." அவள் குரலை உயர்த்தவில்லை. "ஒரு வாரமா என் பின்னாடியே வர்றீங்க. சோப்பு வாங்கினா தூணுக்குப் பின்னாடி நிக்கறீங்க. எனக்குத் தெரியாதா? நாய் மேல இருக்கற பாசம், செவலை போனப்ப பார்த்தவதானே நான்னு பேசாம இருந்தேன்."

"தப்புதான். நான் வேணும்னா அடுத்த பஸ்ஸப் பிடிச்சு உன் தங்கச்சி வீட்டுக்கே போய்ச் சொல்லிட்டு வரேன். நாய்க்குத்தான் பூட்டினேன்னு."

"அத நானே சொல்லிட்டேன்." மனைவி ஆரஞ்சுகளை மடியில் எடுத்துப் போட்டுக்கொண்டாள். "'என்னக்கா, உன்னை உள்ள வெச்சுப் பூட்டிட்டா போயிருக்காரு?'ன்னு அழற மாதிரி கேட்டா. 'சேச்சே, அதெல்லாம் இல்ல, நாய் வெளிய போகக் கூடாதுன்னு பூட்டியிருக்காரு'ன்னு சொன்னேன். அவ கம்பிக்குள்ள எட்டி அங்க பார்த்தா, இங்க பார்த்தா. 'நாய் எங்கக்கா?'ன்னு கேட்டா."

மிளகு இருவருக்கும் நடுவில் வந்து படுத்துக்கொண்டது.

"அவளுக்கு நான் ஒண்ணும் சொல்லல" என்றாள் அவள். "நீங்க போய் என்னன்னு சொல்லுவீங்க?"